வயிற்றுத்தூள் போட்ட கொட்டில்

வின் லாங் ஊரில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே வாத்துக் கொட்டில்தான். காட்சியோடு நாற்றமும் சேர்ந்து வரும். மீன் குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்துக் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், சாப்பிட வந்தவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள், ஏதோ எச்சமிட்டதே நான்தான் என்பது போல. அதனால் கொட்டிலைப் பார்த்துக்கொள்ள கியெம் அண்ணன் வேலைக்கு வந்த அன்றே நான் கரண்டியும் கையுமாகச் சண்டைக்குப் போய்விட்டேன்.

“அண்ணே, கூட்டுற குப்பைய எங்க வேணா கொட்டுங்க. என் ஜன்னலுக்கு நேரா கொட்டுனீங்கன்னா உங்க தட்டுல சோறு விழாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“சரி தங்கச்சி.”

அவ்வளவுதான் பதில். மறுநாள் குப்பை மேடு சுவருக்கு அந்தப் புறம் போயிருந்தது. ஜன்னலுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டியும் நின்றது. வரிந்து கட்டிக்கொண்டு போன எனக்கு எதிரே ஆளே இல்லாமல் போன மாதிரி இருந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது? அன்று காவலாளி மாட்டிக்கொண்டான்.

கியெம் அண்ணன் ஒரு காலத்தில் மேய்ச்சல் வாத்துக்காரர். அறுவடை முடிந்த வயல் வயலாக வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய், போன இடத்தில் பட்டி போட்டு, மனைவி தோமும் மகளும் அவருமாகப் படகிலேயே பொங்கித் தின்று வாழ்ந்தவர். பறவைக் காய்ச்சல் வந்த வருஷம், சாக்கும் சுண்ணாம்புமாக ஆட்கள் வந்தார்கள். நோய் இருக்கிற வாத்து, இல்லாத வாத்து என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே குழி. அதற்கப்புறம் மகளைத் தரகர் மூலம் தைவானில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுடைய பிரசவத்துக்குப் போன தோம் பேரனை வளர்க்க அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். படகை விற்றுவிட்டு இவர் படகுத்துறைப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சாப்பாட்டுக் கூடத்து மூலைக்கு வருவார். இலவச வைஃபை அங்கேதான் கிடைக்கும். போனை மீன் சாற்றுப் புட்டியின் மேல் சாய்த்து வைத்து, தலையை வாரிக்கொண்டு உட்காருவார். திரையில் பேரன் வருவான். சீனத்தில் எதையோ சொல்லிவிட்டு ஓடிவிடுவான். பிறகு ஒரு காலி நாற்காலி தெரியும். அண்ணன் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் தோம் எட்டிப் பார்ப்பாள்.

“சாப்டீங்களா?”

“சாப்டேன். நீ?”

“ம். சரி, வைக்கட்டா?”

ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தது இதற்கா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஏண்ணே, அக்காகிட்ட வேற எதுவும் பேச மாட்டீங்களா? மழை பெய்யுது, வெயிலடிக்குது, இந்தச் சென் வைக்கிற கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு ஏதாவது?”

“பேச என்ன இருக்கு தங்கச்சி? அப்பல்லாம் வாத்தப் பத்திப் பேசுவோம். இப்பத்தான் வாத்து இல்லியே.”

“அப்ப கொட்டில்ல நிக்கிறது என்ன, மயிலா?”

“அது டாக்டரம்மா வாத்து.”

டாக்டரம்மா என்றால் குயென். மாடியில் மூன்றாவது அறையில் இருக்கும் சின்னப் பெண். முழங்கை வரை மை. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காது. வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வராமல் தடுக்க அலகில் விடும் சொட்டு மருந்து ஒன்றைத்தான் அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். சொட்டு மட்டும் விட்டால் வாத்தின் உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லையாம். கூடவே ஒரு கிருமியின் வித்தைக் கலந்து விட்டால் உடம்பு சட்டென்று விழித்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குமாம். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் இரண்டு கொட்டில்கள். கிழக்குக் கொட்டிலுக்குச் சொட்டும் வித்தும். மேற்குக் கொட்டிலுக்குச் சொட்டு மட்டும். கிழக்கில் சக்தி ஏறி, மேற்கில் ஏறாமல் இருந்தால் குயென் ஜெயித்தாள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதுவும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று கொட்டிலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கொட்டிலுக்கு ஒரு துடைப்பம். அண்ணன் அதில் துளி பிசகியதில்லை. எத்தனையோ தடவை பூட்ஸ் மாற்றுவதை என் ஜன்னலிலிருந்து தட்டிக்கு மேலாக எட்டி நானே பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குள் நுழைவது போல அவ்வளவு பதவிசு.

“மாமா, ஒண்ணே ஒண்ணு. வாத்துக்கு எந்த மருந்தும் குடுத்துறாதீங்க. என்ன ஆனாலும் எனக்குச் சொல்லுங்க,” என்று குயென் சொல்லியிருந்தாள்.

“மருந்தே குடுக்க மாட்டேம்மா,” என்று அண்ணன் சொன்னார். சொன்னபடியே கொடுக்கவும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் மேற்குக் கொட்டிலில் சில வாத்துகளுக்குக் கழிச்சல் கண்டது. வாத்து வளர்க்கிறவனுக்கு அது பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிற மாதிரி. அதைப் போய் மாடியேறி யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? சட்டைப் பையிலிருந்து வயிற்றுத்தூள் பொட்டலத்தை எடுத்துத் தவிட்டில் பிசைந்து வைத்தார். கழிச்சல் நின்றது. மறுபடி வந்துவிடக் கூடாதே என்று மழை விடும்வரை வைத்தார். எங்கள் ஊரில் வயிற்றுத்தூள் இல்லாத வீடு கிடையாது. கடையில் உப்பு, சர்க்கரையோடு சேர்த்துக் கேட்டு வாங்குவோம். குழந்தைக்குப் பால் சேரவில்லையா, கோழிக்குஞ்சு துவளுகிறதா, புருஷன் கண்டதையும் தின்றுவிட்டு வந்தானா, ஒரு சிட்டிகை தூள். அதை மருந்து என்று இங்கே எவரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கொட்டிலிலும் சக்தி ஒரே அளவில் ஏறியிருந்தது. அப்படியானால் வித்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, சொட்டே போதும் என்றுதானே கணக்கு? ஆனால் சொட்டு மட்டும் போதாது என்று முன்பே பலமுறை பார்த்தாகிவிட்டதாம். குயெனுக்குத் தலை சுற்றியது. கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தாள். தீனி மாறியதா, தண்ணீர் மாறியதா, துடைப்பம் மாறியதா?

“மாமா, மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லம்மா.”

சத்தியம் செய்யச் சொன்னால்கூடச் செய்திருப்பார்.

மேலதிகாரி முடிவு சொல்லிவிட்டார். இந்தச் சோதனை இத்துடன் முடிந்தது, குயென் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போக வேண்டும். சொட்டில் இருப்பது செத்த கிருமி, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே மாதக் கடைசியில் வாத்துகளை கியெமே ஓட்டிக்கொண்டு போகலாம், இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு அது அவருக்கு.

அண்ணன் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார், பூட்ஸோடு.

“தங்கச்சி, ரெண்டு கொட்டிலும்! எல்லாமே எனக்குத்தான்!”

“முதல்ல வெளிய போங்க. தரைய இப்பத்தான் தொடச்சேன்.”

“ஓட்ட விழுந்த அண்டா ஏதாவது இருந்தா எடுத்து வை. தவிடு பெசைய ஆகும்.”

“அண்டா என்ன, அடுப்பையே தூக்கிட்டுப் போங்க. மொதல்ல வெளிய போங்கண்ணே!”

ஆற்றோரம் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பேசினார். மூங்கில் வெட்டினார். வழியில் போகிறவரை எல்லாம் நிறுத்தி வாத்தைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனில் தோம் எட்டிப் பார்த்தபோது, அவள் ‘சாப்டீங்களா’ என்று கேட்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“தோம், வாத்து வந்துருச்சு!”

“என்னது? யாரு வாத்து?”

“நம்ம வாத்து.”

திரையில் அவள் முகம் பெரிதாகிவிட்டது. அவ்வளவு கிட்டே வந்துவிட்டாள்.

“முட்ட போடுதா?”

“இனிமேத்தான்.”

“தவுட்டுல சிப்பி இடிச்சுப் போட்டீங்களா? நீங்க எங்க போட்டுருக்கப் போறீங்க! எனக்குத் தெரியாது உங்களை? பட்டிக்குக் கூரையா ஓலை போடாதீங்க, எலி ஏறும். தகரம் போடுங்க. டெட் புது வருஷத்துக்கு நான் வந்து பாக்குறேன், எப்படி வச்சிருக்கீங்கன்னு.”

போன் சூடாகிப் போகும்வரை பேசினார்கள். பேரன் குறுக்கே வந்தான், பாட்டி அவனைத் தள்ளிவிட்டாள். நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டது தப்பென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குயென் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. கடைசியாக ஒரு வாய் சாப்பிடட்டும் என்று புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். பக்கத்து மேசையில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான்தான் கேட்டேன்.

“ஆமா, வித்து வித்துன்னு சொல்றியே, அது என்னதாம்மா?”

“அது ஒரு கிருமிதாங்க்கா. கஷ்டகாலம் வந்தா தன்னச் சுத்தி கெட்டியா ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கிரும். கொதிக்க வச்சாலும் சாகாது. அதால நமக்குக் கெடுதல் ஒண்ணுமில்ல. ஆனா உள்ள போனதும், நாய் கொரைச்சா வீட்டுக்காரர் எந்திரிச்சு வர்றாருல்ல, அந்த மாதிரி ஒடம்பு எந்திரிச்சு வரும். வந்த எடத்துல சொட்டு மருந்தையும் நல்லாப் பாத்து வச்சுக்கும்.” அவள் குழம்பைக் கிளறினாள். “புள்ளைங்களுக்கு நீங்க குடுப்பீங்களே வயித்துத்தூள், அதுல இருக்கறதும் இதேதான்.”

“அந்தத் தூளா? அதுக்கா இவ்ளோ படிப்பு?”

குயென் சிரித்தாள். அழாமல் இருக்கச் சிரிக்கிற சிரிப்பு. தட்டில் பாதியை வைத்துவிட்டுப் பெட்டி கட்ட மாடிக்குப் போனாள்.

அண்ணனின் கையில் சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றிருந்தன. நான் மேசை துடைக்க வந்தபோதும் நின்றிருந்தன.

“தங்கச்சி. அந்தத் தூள நான் போட்டேன்.”

“எதுல?”

“மேக்கால கொட்டில்ல. கழிச்சலுக்கு. மழ விடுற வரைக்கும் போட்டேன்.”

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் முதலில் கதவைச் சாத்தினேன்.

“அண்ணே, இத நான் கேக்கல. நீங்களும் சொல்லல. மாசக் கடைசியில வாத்த ஓட்டிக்கிட்டுப் பேசாமப் போய்ச் சேருங்க.”

“அந்தப் புள்ள பெட்டி கட்டுது.”

“கட்டட்டும். படிச்ச புள்ள, எங்க போனாலும் பொழைச்சுக்கும். நீங்க என்னத்த வச்சுப் பொழைப்பீங்க? அக்கா டெட்டுக்கு வர்றேன்னு சொல்லிருக்கு. மறந்து போச்சா?”

“மறக்கல.”

“அப்புறம் என்ன கேடு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, கொட்டில் பக்கம்தான் பார்த்தார்.

“அன்னிக்கு இந்த மருந்து இருந்துருந்தா என் வாத்து குழிக்குள்ள போயிருக்காது. இப்பவும் வாத்த ஓட்டிக்கிட்டு எவனோ ஒருத்தன் வயல்ல நிக்கிறான். நான் வாயத் தொறக்கலன்னா அவனுக்கும் குழிதான்.”

“எவனோ ஒருத்தன்! அந்த எவனோ உங்களுக்குச் சோறு போட்டானா?”

நான் கத்தினேன். அன்று சொன்னதை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். நியாயம் அநியாயமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மனுஷன் பத்து வருஷம் கழித்து மனசாரச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன், அது போய்விடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

காலையில் அவர் மாடியேறினார். காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே ஏறினேன். யாரும் காபி கேட்கவில்லை. அவர் கதவருகிலேயே நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். குயென் முதலில் புரியாமல் விழித்தாள். புரிந்ததும் கட்டின பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தூளா? மாமா... தூளா போட்டீங்க?”

“மருந்துன்னு நெனைக்கலம்மா.”

“எங்கம்மாவும் அப்படித்தான் நெனைச்சிருப்பாங்க. நானே வீட்ல இருந்தா அப்படித்தான் நெனைச்சிருப்பேன். கேக்கத் தெரியாமக் கேட்டது நான்தான்.” அவள் முகம் மெல்ல மெல்ல வெளுத்து, பிறகு சிவந்தது. “அப்படின்னா வித்து வேல செஞ்சிருக்கு! ரெண்டு கொட்டில்லயும் வேல செஞ்சிருக்கு மாமா!”

துள்ளி எழுந்தவள் அவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். இதற்கு விலை என்னவென்று அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நான் சொன்னா மேல நம்ப மாட்டாங்க. தப்ப மறைக்கக் கத கட்டுறேன்னு சொல்லுவாங்க. வாத்த அறுத்து உள்ள பாத்துக் காட்டணும். கொடலு, மண்ணீரல் எல்லாம்.”

“எச்சத்தப் பாத்தா ஆகாதா?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“அது நேத்துத் தின்னதத்தான் சொல்லும்க்கா. மழக்காலத்துல தின்னத உள்ள இருந்துதான் எடுக்கணும்.”

“எத்தன வாத்தும்மா?” என்றார் அண்ணன்.

“ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுப் பாக்கணும் மாமா.”

“அப்ப எல்லாமா?”

கேட்டுவிட்டு அவரே தலையாட்டினார். காபியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

வாத்துகளைப் பிடிக்கிற அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று குயென் அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுக்கு வெளியே காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் கொட்டிலுக்குள் நுழைந்ததும் வாத்துகள் வெறி பிடித்தது போல ஓடின. சுவரில் மோதின, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வலையை வீசினார்கள், வழுக்கி விழுந்தார்கள். அந்த அலறலை என்னால் கேட்க முடியவில்லை. பயந்து ஓடிய வாத்தின் ரத்தம் கணக்குக்கு உதவாது என்று குயென் தடுத்துப் பார்த்தாள். கடைசியில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, கேட்டைப் பார்த்தாள்.

அவள் கூப்பிடவில்லை. அவரே எழுந்து வந்தார். பூட்ஸை மாட்டினார். கொட்டிலின் நடுவில் குந்தி உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒரு குரல் எடுத்தார். “லித்... லித்... லித்...” சாயங்காலம் வயலெல்லாம் பரந்து மேயும் வாத்தைப் பட்டிக்கு அழைக்க மேய்ச்சல்காரர்கள் கொடுக்கும் குரல் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அதை எப்போது பழக்கினாரோ தெரியாது. வாத்துகள் நின்றன. கழுத்தைத் திருப்பின. பிறகு ஒவ்வொன்றாக ஆடி ஆடி நடந்து வந்து அவர் முழங்காலைச் சுற்றி நின்று, கைக்குள் அலகை விட்டுத் தவிடு தேடின.

ஒன்றைத் தூக்கி, இறக்கையைச் சேர்த்து அணைத்து, தட்டிக்கொடுத்து, கொட்டில் ஜன்னல் வழியாக நீட்டுவார். அங்கிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். மற்றவை மிரண்டுவிடக் கூடாதே என்று குரலை மட்டும் நிறுத்தவே இல்லை. ஒரு வாத்துகூடச் சிறகடிக்கவில்லை. கிழக்குக் கொட்டில் முடிந்ததும் பூட்ஸை மாற்றிக்கொண்டு மேற்குக் கொட்டிலுக்குப் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். அன்று கூடத்தில் யாரும் சாப்பிட வரவில்லை.

குயென் சொன்னது சரியாகவே இருந்தது. மேற்கு வாத்துகளின் குடல் மடிப்பெல்லாம் தூளின் வித்து. மேலதிகாரி மனம் மாறினார், பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். மறு வருஷம் புதுக் குஞ்சுகளை வைத்து மறுபடி பார்த்தபோது, வித்து கலந்த கொட்டிலில் மட்டும் சக்தி தனியாக ஏறி நின்றது. மாடியில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

அந்தக் குஞ்சுகள் வந்தபோது குயென் அண்ணனின் அறைக்கே போய்க் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

“நீங்கதான் மாமா பாத்துக்கணும். தப்பு உங்க மேல இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“வேற ஆளப் பாரும்மா.”

“ஏன் மாமா, கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. நான் இருந்தா அதுங்க பழகிரும். பழகுனா கூப்புட்டதும் வந்துரும்.”

இப்போது அண்ணன் படகுத்துறையில் மூட்டை இறக்குகிறார். டெட் வந்து போயிற்று. விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்று தோம் சொல்லிவிட்டாள், அடுத்த டெட்டுக்குப் பார்க்கலாம் என்றாள். கூடத்தில் வேலை இல்லாதவரை உள்ளே விடக் கூடாது என்று காவலாளி சட்டம் பேசினான். அவனுக்கு ஒரு வாரம் சோறு நிறுத்தினேன், சட்டம் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார், தலையை வாரிக்கொண்டு அதே மூலையில் உட்காருகிறார். பேரன் வந்து ஓடியதும் தோம் வருகிறாள். இப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே பேசுகிறாள்.

“முட்ட எப்படி?”

“நல்லாப் போடுது.”

“சிப்பி இடிச்சுப் போடுறீங்கள்ல?”

“போடுறேன். நீ சொன்ன மாதிரி தகரமும் போட்டுட்டேன்.”

“எங்க, ஒரு தடவயாவது காட்டுங்களேன் பாப்போம்.”

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிடுகிறேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

“மேயப் போயிருக்கு தோம். சாயங்காலம் கூப்புடணும்.”